கூட யார் வந்திருக்காங்க?

ஜனவரி 11

அக்காவுக்கு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. சரி, எழுதியாவது தொலைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. எப்போது வருகிறாய்? அத்தான் போன சமயத்தில், கூடத்தில் எல்லோர் முன்னாலும் என்ன சொன்னாய்? "வருஷம் திரும்பட்டும்டா, உன்கிட்டயே வந்துடறேன்" என்றாய். வருஷம் திரும்பி, அதற்கப்புறமும் பல மாதம் ஓடிவிட்டது. உனக்காகப் பின்னறையின் சுவரை இடித்து ஜன்னலைப் பெரிதாக்கினேன். குளியலறையில் வழுக்காத தரை போட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தேன். "வீட்டுக்கு யாரோ பெரியவங்க வர்றாங்க போல" என்று கொத்தனார் கேட்டபோது, "எங்க அக்கா வர்றாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். இப்போது அந்த ஆள் என்னை எங்கே பார்த்தாலும் "அக்கா வந்தாச்சா சார்?" என்கிறார். அவருக்குப் பயந்து நான் வேறு தெரு வழியாகக் கடைக்குப் போகிறேன்.

காலையில் எப்போது கூப்பிட்டாலும் நீ வீட்டில் இல்லை. எங்கே போகிறாய்? இந்தக் கேள்விக்குத்தான் போனை வைத்தாய். அது போகட்டும். உனக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றாமே. அதைப் பெரியப்பா மகள் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவளுக்கு ஒலிபெருக்கி என்று பேர் வைத்ததே நீதான். அவள் வாயில் விழுந்த பிறகு ஊரில் தெரியாத ஆள் நான் ஒருவன்தான் மிச்சம் போலிருக்கிறது. நமக்கு அப்பா அம்மா இல்லை. உனக்குப் பிள்ளை குட்டி இல்லை. நான் கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவன். உனக்கு நான், எனக்கு நீ என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் உன்கூட யார் இருந்தார்கள்? அதையாவது எழுது.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

போனை வைத்தது தப்புதான். ஆனால் நீ பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு மூச்சுவிடவும் இடம் கிடைப்பதில்லை. விளையாட்டு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும், மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பையனைக் கூப்பிடுகிற மாதிரியே பேசுகிறாய். நானோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டே கிழவியானவள். இனி நமக்குள் கடிதம்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

ஆமாம், ஆபரேஷன் ஆயிற்று. வலது கண்ணில் புரை. உன்னிடம் சொல்லியிருந்தால் லாரியோடு வந்து, கண்ணில் கட்டோடு என்னையும் பீரோவையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போயிருப்பாய். அதனால் தனியாகவே போனேன். அங்கே ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "கூட யார் வந்திருக்காங்க?" என்றாள். யாருமில்லை என்றேன். "அப்படின்னா இன்னிக்கு செய்ய முடியாதும்மா. கூட ஒருத்தர் கடைசி வரைக்கும் இருந்து, கையெழுத்துப் போட்டு, கூட்டிட்டுப் போகணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த வாரம் போனேன். "வந்துக்கிட்டே இருக்காங்க" என்று பொய் சொன்னேன். சாயங்காலம் வரை யாரும் வராததால் மறுபடி திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. உன் அத்தான் போனபோது கூட இப்படித் தனியாகிவிட்டோம் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாவது முறை போனபோது, மாமியாரை அழைத்து வந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தாள். நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கும் நானே போடறேன்" என்று எழுந்துவிட்டாள். என்ன உறவு என்று கேட்டார்கள். கொஞ்சமும் யோசிக்காமல் "அத்தை" என்றாள். ஆட்டோ பிடித்து என் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். முதலில் புரை, அப்புறம் கட்டு என்று இருந்ததால் அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

கண் தெளிந்த பிறகு அவளைத் தேடிக்கொண்டு அங்கே போனேன். அவள் இல்லை. ஆனால் ஒரு பெரியவர் அந்த மேஜை முன்னால் நின்றுகொண்டு, நான் முழித்த மாதிரியே முழித்துக்கொண்டிருந்தார். என் கால் தானாகப் போய்விட்டது. "நான் இருக்கேன் சிஸ்டர்" என்றேன்.

அன்றிலிருந்து போகிறேன். திங்கள், புதன், வெள்ளி அங்கே ஆபரேஷன் நாள். இப்போது பெரிய சிஸ்டரே எனக்கு முதல் நாள் சொல்லி அனுப்புகிறார், நாளைக்கு ஒருவர் தனியாக வருகிறார், வர முடியுமா என்று. நான் ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. பக்கத்தில் உட்கார்கிறேன், அவர்கள் பையை வைத்துக்கொள்கிறேன், வெளியே வரும்போது கையைப் பிடித்துக்கொள்கிறேன். எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் பேருடைய குரலைக் கேட்டிருக்கிறேன். ஒரு முகம் பார்த்ததில்லை. இப்போது கட்டைப் பிரித்ததும் அவர்கள் முதலில் பார்க்கிற முகம் என்னுடையது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஒழுங்காகத் தலைவாரிக்கொண்டு போகிறேன், தெரியுமா? உன் அத்தான் போன பிறகு நான் கண்ணாடியே பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது தம்பி. இந்த வயதில் இதைச் சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது.

கொஞ்ச நாள் பொறு. வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் நீ அத்தை. நல்லது. ஒரே வயிற்றில் கூடப் பிறந்த தம்பி மட்டும் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பொறுத்துக்கொண்டிருக்கும்போது இன்று காலை ஒலிபெருக்கி போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "உங்க அக்கா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களாமே, எங்களுக்கெல்லாம் சொல்லக் கூடாதா?" என்கிறாள். கையிலிருந்த டீ கொட்டிவிட்டது. அவள் கண்ணால் பார்த்தாளாம். ஆஸ்பத்திரியில் ஒரு கிழவருக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய், அவர் உன் கையைப் பிடித்திருக்கிறார், சிஸ்டர் உன்னைப் பார்த்து "உங்க வீட்டுக்காரர்" என்கிறார், நீ மண்டையை ஆட்டுகிறாய். மறுத்துச் சொல்லவில்லை.

பொய் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பொய்தானே?

இதற்குத்தான் சொல்கிறேன், முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒட்டிக்கொள்ளாதே என்று. நீ செய்வது தர்மமாகவே இருக்கட்டும். நாலு பேர் வாயில் விழுந்து செய்ய வேண்டுமா? இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டேன். பீரோ, கட்டில், தையல் மெஷின் மூன்றும் ஏறும். மற்றதைக் கொடுத்துவிடு. இது முடிவு.

பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு என்னைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை. மனமில்லை. பேனாவும் சரியில்லை, மை திட்டுத்திட்டாக இறங்குகிறது. பதில் உடனே வேண்டும்.

தம்பி


பிப்ரவரி 8

என் அருமைத் தம்பிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரி இறங்கி வந்து என்னவென்று கேட்டாள். உன் அத்தான் இருந்திருந்தால் மூன்று நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ரயில் எஞ்சின் ஓட்டியவர். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. மழையிலும் இருட்டிலும் அத்தனை பெட்டியை இழுத்துக்கொண்டு போன மனிதர், கண்ணுக்குள் ஊசி என்றதும் குழந்தை மாதிரி நடுங்கினார். கையைப் பிடித்துக்கொண்டேன். இதை ஒலிபெருக்கி பார்த்துவிட்டாள். எங்கே உட்கார்ந்திருந்தாளோ, எனக்குத் தெரியவில்லை. புதிதாக வந்த சிஸ்டர் எங்களைப் பார்த்ததும் கேட்கவே இல்லை, உறவு என்ற இடத்தில் தானாகவே மனைவி என்று எழுதிவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "சரின்னு சொல்லிடுங்கம்மா, மாத்தி எழுதினா இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வச்சிடுவாங்க" என்று காதோடு சொன்னார். நானும் மண்டையை ஆட்டினேன். அதற்குப் பலன் அனுபவித்தேன். "உங்க வீட்டுக்காரர் குப்புறப் படுக்காமப் பாத்துக்குங்க, தலைக்கு ஊத்தாதீங்க, அவர் இஷ்டத்துக்கு விட்டுடாதீங்க" என்று ஒரு பாடம் நடந்தது. வெளியே வந்ததும் அவர், "எங்க வீட்ல இருந்தவ இதைத்தான் தினமும் சொல்லுவா" என்றார். அவ்வளவுதான் கல்யாணம். அவரை எதிர்வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அன்றைக்கே விவாகரத்தும் ஆயிற்று. பெரிய சிஸ்டரிடம் சொல்லித் தாளில் திருத்தியும் வாங்கிவிட்டேன். இப்போது அவர் எனக்கு உடன்பிறப்பு.

சிரித்தது போதும். இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்.

உன் முதல் கடிதம் கோடு போட்ட தாளில் இருந்தது. அதிலேயே எழுத்து கோட்டைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. கோபத்தில் எழுதினாய் என்று விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தில், எழுதின வரியின் மேலேயே இன்னொரு வரி எழுதியிருக்கிறாய். "வண்டி" என்பதன்மேல் "பீரோ" ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஓரம் முழுக்க ஒரே பெரிய எழுத்து. பேனாவின் மேல் பழி போடாதே. நான் இருப்பது எந்தக் கூட்டத்துக்கு நடுவில் என்று மறந்துவிட்டாயா? எந்தக் கண்? எத்தனை நாளாக? விளையாட்டு விழாவுக்கு ஏன் போகவில்லை? மேடைப் படி தெரியவில்லை, அதுதானே?

உடனே எழுது. போனில் கேட்டால் கத்தி மழுப்பிவிடுவாய்.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

இரண்டு கண்ணும். இடது ரொம்ப மோசம். போன வருஷத்திலிருந்து.

கடைக்கு வேறு தெரு வழியாகப் போகிறேன் என்று எழுதினேனே, கொத்தனாருக்குப் பயந்து மட்டும் இல்லை. பெரிய சாலையை என்னால் தாண்ட முடியவில்லை. வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று தெரியவில்லை. நூறு பையன்கள் ஓடும்போது எவன் கோட்டை மிதித்தான் என்று சொன்ன கண் இது.

இங்கேயும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாப் பரிசோதனையும் ஆயிற்று. அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கூட யார் வந்திருக்காங்க?" எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "வெளியில இருக்காங்க, கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவன், நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். பழைய பையன்கள் எத்தனையோ பேர் ஊரில் இருக்கிறார்கள். கூப்பிட்டால் ஓடி வருவார்கள். ஆனால் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் படி இறங்குவதா?

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ சொல்லாததற்கு என்ன காரணமோ அதேதான். சொன்னால் நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவாய். பரிதாபப்பட்டு வருவதைவிட, வாக்குக் கொடுத்ததற்காக வந்தால் எனக்குக் கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன். அக்காவைப் பார்த்துக்கொள்ளப்போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். உண்மை என்னவென்றால், இந்த வீட்டில் நாள் முழுக்க என்னை ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. வேலையில் இருந்தவரை தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, பெரிய சாலையைத் தாண்ட வேண்டியிருக்கும். பீரோ வராது, நான் மட்டும் வருகிறேன். நீ சொல்லிவைத்த வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். உன் ஆஸ்பத்திரிக்கு எங்கள் பெரிய சிஸ்டரே பேசிவிட்டார்.

பயப்படுவதில் தப்பில்லை. எஞ்சின் டிரைவரே நடுங்கினார். யாராவது உறவு என்ன என்று கேட்டால் மட்டும் நீ வாயைத் திறக்காதே, நான் சொல்லிக்கொள்கிறேன். ரொம்ப நாளைக்கப்புறம் பொய் சொல்லாமல் ஒரு கையெழுத்துப் போடப்போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். குனிந்து எதையும் தூக்காதே. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரிடம் உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவருக்கும் இப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, நீயும் அவரைப் பார்த்துக்கொள்.

ரயிலில் வரும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நான் வந்துவிடுகிறேன். உன்னோடு இருக்க, நிரந்தரமாக.

உன் வீட்டில் இருந்த நாட்களில் பார்த்தேன். அலமாரியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். எனக்குச் சாப்பாடு போடப் புதுத் தட்டு வாங்க நீ அந்தக் கண்ணோடு கடைக்குப் போயிருக்கிறாய். சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்துக்கு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாய், பிள்ளைகள் போகும் சத்தம் கேட்க. சத்தம் ஓய்ந்த பிறகும் விளக்குப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாய். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரார் பையைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், என் கூடப் பிறந்தவன் இப்படி இருட்டில் உட்கார்ந்திருக்கிறானே என்று மனசு கேட்கவில்லை.

நேற்று பெரிய சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து நான் அழுதேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் அழுகை இரண்டு நாளில் போய்விடும். எக்ஸ்சேஞ்சை விட்டபோதும் அழுதேன், போய்விட்டது. உனக்கு என்னைவிட்டால் யார்? வீட்டுக்காரரிடம் மே மாதம் காலி செய்வதாகச் சொல்லப்போகிறேன். நீ மறுபடி வண்டி சொல்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பார். ஒவ்வொரு வரியும் கோட்டின் மேலேயே நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

வண்டி சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீ வர வேண்டாம்.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. இதை எழுத மூன்று நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். உன்னிடம் ஒரு விஷயம் சொல்லவில்லை. என் முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தார்களே, அப்போது உன் நாற்காலி காலியாக இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்கா எங்கே என்று கேட்டேன். அங்கே இருக்காங்க பாருங்க என்று காட்டினார்கள். கட்டு இல்லாத கண்ணால், அதுவும் மங்கலாகத்தான், பார்த்தேன். அந்தக் கோடியில் ஒரு அம்மா உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு நிற்கிறார். மகன் கத்துகிறான். நீ நடுவில் போய் அந்த அம்மாவை உட்காரவைத்து, என்னவோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறாய். அது உன் ஆஸ்பத்திரிகூட இல்லை. உனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அப்புறம் என் கட்டைப் பிரித்து, இரண்டாவது கண்ணும் ஆகி, எல்லாம் தெளிந்த பிறகு உன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். என் வீட்டுச் சமையலறையில் நீ நின்றபோதும் பார்த்தேன். அக்கா, ஆஸ்பத்திரிக் கூடத்தில் இருந்த முகம் வேறு. அங்கே மங்கலாகத் தெரிந்தும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அத்தான் இருந்தபோது நீ அப்படித்தான் இருப்பாய். அது போய்விட்டது, இனி வராது என்று நினைத்துத்தான் பின்னறையை இடித்தேன். எங்கேயாவது ஒரு நல்ல ஜன்னல் பக்கம் உன்னை உட்காரவைப்பதுதான் இனி நான் செய்யக்கூடியது என்று நினைத்தேன். உன்னைக் கொண்டுவந்து என்கூட இருட்டில் உட்காரவைத்தால் நான் உன் தம்பியே இல்லை.

எனக்கு யார் என்று கேட்டிருக்கிறாய். நீ தபால்காரரை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயா, என்னை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனாயா, தெரியவில்லை. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க நடந்தவர். இப்போது வாசல்படி இறங்கப் பயப்படுகிறார். காலையில் கையைப் பிடித்து மூலை வரை நடத்திக்கொண்டு போனேன். மறுநாள் அவர் வீட்டுப் பின்பக்கத்துக் கடைக்காரர் சேர்ந்துகொண்டார், அவருக்கு முட்டியில் கோளாறு. இப்போது ஐந்து பேர். தோளைத் தளர்த்தி, குதிகாலை முதலில் வைத்து, விழாமல் நடப்பது எப்படி என்று காட்டுகிறேன். வரிசையில் வரச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. பாதி வழியில் நின்று அரசியல் பேசுகிறார்கள். அதட்டினால் சிரிக்கிறார்கள். என் வேலையில் இவ்வளவு அடங்காத ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை. நேற்று பெரிய சாலையைத் தாண்டினோம், ஆறு பேரும் கை கோத்துக்கொண்டு. ஒரு பஸ் எங்களுக்காக நின்றது.

எனக்குப் பயம் முழுக்கப் போய்விடவில்லை. சாயங்காலம் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால் வாரம் ஒரு கடிதம் எழுது. லீவு நாளில் வந்து இரு, நானும் வருகிறேன். ஆனால் வீட்டைக் காலி செய்கிறேன் என்று யாரிடமும் சொல்லாதே. சொல்லியிருந்தால் போய் மாற்றிச் சொல். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் கிளம்பி பெரிய சிஸ்டரிடம் போ. தம்பி விடமாட்டேன் என்கிறான் என்று சொல்.

திங்கட்கிழமை யாராவது ஒருவர் தனியாக வந்து அந்த மேஜை முன்னால் நிற்பார். நீ அங்கே இரு அக்கா.

தம்பி